அரை லிட்டர்

ஆறேகால். டானிங்டன் இறக்கம்.
ஹாலன் கடையில் வாங்கிய அரை லிட்டர் பால்
கையை மரக்கவைத்துக்கொண்டிருந்தது.
மூடுபனிக்குள் சில்வர் ஓக் ஒன்று
நகர்ந்தது போலிருந்தது.
சில்வர் ஓக் நகராது.

பத்தடி தூரம்.
முழங்கால் வரை வெள்ளை,
அதற்குமேல் ஈரக் கரி.
கொம்பில் யார் வேலியிலிருந்தோ பிடுங்கிவந்த
மேரக்காய்க் கொடி.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
கத்துவதா என்று யோசிக்குமுன்பே
எனக்குள் வேறொருவர் முடிவெடுத்துவிட்டார்.

அவரை எனக்குத் தெரியும்.
நாலு வருஷம் அவரோடு குடியிருந்தேன்,
ஐதராபாத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்.
புதன்கிழமைதோறும் விடியுமுன்
அறுப்புக்கூட வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்பேன்.
மாட்டின் சிறுநீரகத்தின்மேல்
தொப்பிபோல் ஒட்டியிருக்கும் சுரப்பியைக் கிள்ளி
"இந்தா உன் மிட்டாய்" என்று போடுவார் ரஹ்மத் பாய்.
சூடு ஆறியிருக்காது.

கரைத்து, வடித்து, தட்டில் பரப்பினால்
ஒவ்வொரு செல்லும் ஒரு நெரிசலான கிட்டங்கி.
சுவரோரம் குட்டிக் குட்டிப் பைகள்,
பைநிறைய அட்ரினலின்.
பைக்கும் சுவருக்கும் நடுவே
பாதி இழுத்த ஜிப்.
மீதியை இழுக்க ஆளிருந்தும்
இழுக்காமல் நிற்பதுதான் உயிரோடிருப்பது
என்று ஒருநாள் நோட்டில் எழுதி
அடித்துவிட்டேன். கைடு பார்ப்பார்.

ஆளின் பெயர் சினாப்டோடாக்மின்.
வேலை நொடியில் முடியும், பெயர் முடியாது.
இரண்டு கை.
பிடிப்பதற்கு ஒன்றே ஒன்று: கால்சியம்.
வெளியே அது கடல்;
உள்ளே துடைத்துவைத்த தரை,
பத்தாயிரத்தில் ஒரு பங்கு.
வாசல் திறந்து உள்ளே பாய்ந்தால்
ஒரு கைக்கு மூன்று, மறு கைக்கு இரண்டு.
பிடித்த கணம் விரல்நுனி சவ்வில் புதையும்.
ஜிப் முடியும். பை வாய்திறக்கும்.

அவ்வளவுதான் பயம்.
ஆய்வேட்டில் அப்படி எழுத முடியாது.
ஆய்வேட்டையே நான் எழுதவில்லை.

முதலில் நரம்பின் நுனியில்,
ஆயிரத்தில் ஒரு நொடிக்குள்.
பிறகு சுரப்பியில், கொஞ்சம் சாவகாசமாக;
அங்கே அவனுடைய பங்காளி ஒருவனும் உண்டு,
மெதுவாக வருவான், லேசில் விடமாட்டான்.
இரண்டு வாசல், இரண்டு தடவை, அதே கால்சியம்.
இத்தனையும் முடிந்த பிறகுதான்
காட்டெருமை என்ற சொல் எனக்கு வந்தது.

அது மூச்சு விட்டது. புகை.
விலா ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.
அப்போதுதான் உறைத்தது:
ஸ்வெட்டர் போட்ட, இரண்டே காலில் நிற்கிற,
வெள்ளையாய் எதையோ பிடித்திருக்கிற ஒன்று
பனிக்குள்ளிருந்து பத்தடியில் முளைத்தால்
அதற்கு மட்டும் எப்படி இருக்கும்?
அதன் சிறுநீரகத்தின்மேலும் அதே தொப்பி,
அதே பைகள், அதே பாதி ஜிப்,
அதே மூன்றும் இரண்டும்.
நாலு வருஷமும் என் தட்டில் பயம் இருந்தது.
பயப்பட மாடு இல்லை.

யாருக்குச் சரக்கு முதலில் தீர்ந்ததோ தெரியாது.
தலையை ஆட்டி, கொடியை உதறி,
தேயிலைக்குள் இறங்கியது.
செடிகள் விலகி, மூடிக்கொண்டன.

ஹாலன் டார்ச்சோடு ஓடிவந்தார்.
"ஒத்தையா? கூட்டமா வந்தாப் பரவாயில்லக்கா,
ஒத்தைதான் ஆகாது."
பிறகு என் கையைப் பார்த்தார்.
பாக்கெட் வெடித்து, விரலிடுக்கில் வழிந்து,
தார்ரோட்டில் சரிவு பார்த்துப் போய்க்கொண்டிருந்தது பால்.
எப்போது நசுக்கினேன்?
அந்த உத்தரவும் என்னைக் கேட்காமல் போனதுதான்.

அதிலும் கால்சியம்தான் என்று சொல்ல நினைத்தேன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

வீட்டு வாசலில்
பூட்டுக்கும் சாவிக்கும் பத்து நிமிஷம் தகராறு.
உள்ளே பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்:
துகள் துகளாக வெளியே தள்ளி,
தரையைத் துடைத்து,
காலிப் பைகளை உள்ளிழுத்து நிரப்பி,
ஜிப்பை மறுபடி பாதியில் நிறுத்தி.

கடுங்காப்பி போட்டேன்.